மூன்றாவது தடி

மருமகன் றமணனை அவனுடைய வெள்ளைக்கார முதலாளி ஸ்கொட்லாந்துக்கு மான் வேட்டைக்கு அழைத்திருந்தார். துவக்கைத் தாங்கிப் பிடிக்கிற கவைத்தடி ஒன்று வாங்க வேண்டும் என்று, லண்டன் நடுவில் இருந்த வேட்டைச் சாமான் கடைக்கு என்னையும் இழுத்து வந்தான்.

“மாமா, நீங்கள் பழைய வேட்டைக்காரன். கரடிக்குக் காதைக் குடுத்த ஆள். நீங்களே பாத்து எடுங்கோ. மான் இறைச்சி கொண்டு வந்தால், காய்ச்சத்தான் மாமி இல்லை.”

என் இடது காதில் பாதி இல்லை. வன்னிக் காட்டில் கரடி பிறாண்டியது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

கடைக்காரன் இரண்டு கால் தடியை விரித்து, மேலே ஒரு துவக்கை வைத்துக் காட்டினான். அது மெல்ல ஆடியது. மூன்றாவது தடியையும் ஊன்றினான். துவக்கு அசையவேயில்லை.

“மூண்டு காலையே எடுப்பம் மாமா. முதலாளி பக்கத்திலை நிப்பார். முதல் வெடியிலேயே விழுத்த வேணும்.”

“விக்கிறவன் காட்டுறதை நம்பாதை. ரெண்டு கால் போதும்.”

“ஆடுதே?”

“பழகினால் சரி. வேட்டைக்குப் போனது நானோ நீயோ?”

அவன் காசைக் கட்டினான். இரண்டு கால் தடியோடு டூட்டிங் வீட்டுக்கு ரயில் ஏறினோம்.

நான் ஒருநாளும் துவக்கைத் தொட்டதில்லை.

தொண்ணூற்றிரண்டில் ஊரைவிட்டு ஓடி, இடுப்பளவு தண்ணீரில் களப்பைக் கடந்தபோது, கரையில் நின்ற சிப்பாய் இரண்டு கால் தடியில்தான் துவக்கை வைத்திருந்தான். அது ஆடியது. குண்டு என் பாதிக் காதோடு போயிற்று.

பிறகு அவன் மூன்றாவது தடியை ஊன்றினான். எனக்குப் பின்னால் நகுலேஸ்வரி வந்துகொண்டிருந்தாள், என் மனைவி.