ஆட ஆள் வேண்டும்

வயிறு வலிக்கச் சிரிக்கப் போகிறோம். கொஞ்சம் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். கல்லூரி அரங்கத்தின் மேடைத் திரைக்குப் பின்னால், ஒருத்தன் முதுகில் ஒருத்தன் சாய்ந்துகொண்டு, பத்து வாயும் அவன் கூட்டாளிகளும் அதற்காகத்தான் பொறுத்துக்கொண்டிருந்தார்கள்.

முதலாண்டு படிக்கிற பயலுக்குப் பத்து வாய் என்ற பட்டம் சும்மா வரவில்லை. மூக்கால் பேசும் கணக்கு வாத்தியாரோ, விடுதி வார்டனோ, கேண்டீன்காரரோ, ஒருதரம் காதில் விழுந்தால் போதும். மறுநிமிஷம் அவன் வாயிலிருந்து வந்துவிடுவார்கள்.

அன்று மதியம் அவன் வாயிலிருந்து பிரின்சிபால் வந்தார். போனில். முதலில் கனைப்பு, பின்னாலேயே குரல்.

"ஹ்ஹும்... ஏம்மா, நாட்டுப்புற நடனக் குழு ஆரம்பிக்கணும்னு கேட்டியே? ஆரம்பிச்சுக்கோ. சாயந்திரம் அரங்கத்துக்கு வா. ஆடறதுக்கு ஆள் நிறைய வருவாங்க."

எதிர்முனையில் போனைக் கை பொத்துவது போல ஒரு கரகரப்பு. அப்புறம், "சரிங்க சார். வந்துடறேன் சார். ரொம்ப நன்றி சார்."

ஒரே மூச்சில் மூணு சார்! கூட்டாளிகள் தரையில் உருண்டார்கள்.

அவளுக்குக் குச்சிக்காரி என்று பெயர் வைத்ததும் இவர்கள்தான். பை நிறைய ஆட்டக் குச்சிகளோடு, கண்ணில் பட்டவர்களையெல்லாம் "குழுவுல சேர்றீங்களா?" என்று கேட்டபடி திரிவாள். வட்டமாக நின்று, பக்கத்து ஆளின் குச்சியில் தட்டி ஆடுகிற ஆட்டம். தனியாக ஆட முடியாது. விடுதியில் தனியாகச் சாப்பிட்டு, தனியாக நடக்கிறவளுக்கு, ஆட்டத்தின் பேரிலாவது நாலு பேர் பக்கத்தில் நிற்க மாட்டார்களா என்று ஒரு ஆசை. அவள் ஒட்டிய அறிவிப்புக்கு யாரோ மீசை வரைந்ததோடு சரி.

"வந்துட்டாடா!"

குச்சிக்காரி அரங்கத்தைப் பெருக்கினாள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டாள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஜோடிக் குச்சி வைத்தாள். உட்கார்ந்தாள்.

"இப்ப அழுவா பாரு."

அழவில்லை. எழுந்து ஆட ஆரம்பித்தாள். பக்கத்து ஆளுக்குப் பதில் நாற்காலியின் முதுகில் தட்டினாள். டக். டக்.

"டேய், நாற்காலிக்கு வெட்கம் வந்துடுச்சுடா!"

வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். அதுவும் எத்தனை நேரத்துக்கு?

"அழவே மாட்டேங்குறாளே, போர்டா. டீ குடிக்கப் போலாம். நீ வரலை?"

"போங்கடா. நிஜமான சிரிப்பு இனிமேதான் இருக்கு" என்றான் பத்து வாய், திரை இடுக்கிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் ஒரு இடத்தில் குச்சியை நீட்டி நிறுத்தினாள். எதிர் ஆள் திருப்பித் தட்ட வேண்டிய இடம் அது. தட்ட ஆளில்லை. தட்டியிருந்தால் எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டு, அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தாள். மறுபடியும் நீட்டினாள். பத்து வாயின் விரல் தன்னை அறியாமல் மேடைப் பலகையில் தட்டியது. டக்.

"ஹ்ஹும்..."

இந்தக் கனைப்பு அவனுடையது இல்லை. வாசலில் அசல் பிரின்சிபால்.

"என்னம்மா, ஆள் காட்டறேன்னு சொன்னியே? இன்னிக்கு விட்டா இனிமே குழு, கிழுன்னு என் ரூம் பக்கம் வரக் கூடாது, ஞாபகம் இருக்கில்ல?"

"வந்திருக்காங்க சார். திரைக்குப் பின்னாடி நிக்கறாங்க."

பத்து வாய் திரை இடுக்கிலிருந்து கண்ணை இழுத்துக்கொண்டான்.

"யாரு? மதியம் நீ என் எதிர்ல நிக்கறப்பவே, என் குரல்ல உனக்குப் போன் போட்டானுங்களே, அந்தப் பசங்களா? அப்பவே கூப்பிட்டுத் தோலை உரிச்சிருப்பேன். நீதான் வேண்டாம்னு தடுத்தே."

"கூப்பிட்டா யாருமே வரலை சார். சிரிக்கறதுக்காவது இவங்க வருவாங்கன்னு தெரியும். வந்துட்டா குச்சியைக் கையில கொடுத்துடலாம்னுதான் நாற்காலி போட்டு வெச்சேன். அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க சார். எனக்குன்னு வந்தது அவங்க மட்டும்தான்."

பத்து வாய் மெதுவாகப் பின்னால் திரும்பினான். பின்கதவு திறந்து கிடந்தது. டீ குடிக்கப் போனவர்களில் ஒருத்தனும் திரும்பவில்லை; அவன் மட்டும்தான்.

"சரி, கூப்பிடு. எத்தனை பேர்னு பார்ப்போம்" என்றார் பிரின்சிபால்.

திரையை நோக்கி அவள் குரல் கொடுத்தாள். "பயப்படாதீங்க. சார் திட்ட மாட்டார். எல்லாரும் வெளியே வாங்க!"