ஒண்ணும் ஆகாது

"நாலு வரிக்காக மெஷினையே நிறுத்தி வெச்சிருக்கா! நாலே நாலு வரி! வலியில துடிக்கிறவங்க வீட்டுக்குப் போய் இவளையே சொல்லச் சொல்லுங்க, நாலு வரி சரியாகிற வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடன்னு!"

சாஜன் கத்தியது கலூரில் அந்த மாடி அறைக்குக் கீழே இருந்த சாயாக்கடை வரை கேட்டிருக்கும்.

ஜிஷா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கத்தினா நீங்க எழுதின புரோகிராம் கோடு சரியாயிடுமா சேட்டா?"

ஊருக்கே இலவசமாக, யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம் என்று, ரஸ்ட் என்ற கணினி மொழியில் ஒரு இயங்குதளம் எழுதுகிறவர்கள் இவர்கள். சம்பளம் கிடையாது. ஆபீஸ் உறிஞ்சியது போக மிச்சமிருக்கிற நேரத்தில் எழுதுவது. அது முதன்முதலாக ஒரு நிஜப் பொருளில் ஓடப் போகிறது: படுக்கையில் கிடப்பவர்களுக்கு வீட்டிலேயே வலி மருந்து ஏற்றும் பம்ப். கம்பெனி மெஷின் வாங்க வழியில்லாத வீடுகளுக்கு. தீரா நோயாளிகளின் வலி தணிக்கும் பாலியேட்டிவ் மையத்தில் வண்டி தயார். ஜிஷா ஒப்புதல் பொத்தானை அழுத்தினால் பம்புகளில் ஏறிவிடும், அவ்வளவுதான்.

எழுதியதைச் சரிபார்த்து மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தரும் ரஸ்ட்டின் கம்பைலர் கான்வென்ட் ஹாஸ்டல் வார்டன் ரகம். நினைவகத்தில் யார் எங்கே கை வைக்கிறார்கள் என்று கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கும். தப்பென்றால் வாசலிலேயே நிறுத்தும். ஆனால் மெஷினோடு நேரடியாகப் பேசும் இடங்களில் வார்டனைக் கொஞ்சம் ஒதுங்கி நிற்கச் சொல்ல வேண்டிவரும். அதற்கென்றே 'அன்சேஃப்' என்று ஒரு சொல். அதைப் போட்டால், ஏன் ஆபத்தில்லை என்று மேலே காரணம் எழுத வேண்டும். இன்னொருவர் படித்துப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும்.

இந்தக் குழுவில் அந்தச் சட்டத்தைக் கொண்டு வந்ததே சாஜன்தான்.

இன்றைக்குத் தன் நாலு வரிக்கு மேலே அவன் எழுதியிருந்த காரணம்: 'ஒண்ணும் ஆகாது. நான் பார்த்துட்டேன்.'

"இதுக்குப் பேர் காரணமா?" என்றாள் ஜிஷா. "மருந்து அளவு இருந்த இடத்தைக் காலி பண்ணிட்டு, மறுபடி அங்கேயே போய்ப் படிக்குது உங்க கோடு. அதுக்குள்ள வேற எண் வந்து உட்கார்ந்திருந்தா எவ்வளவு மருந்து ஏறும்?"

"லட்சத்துல ஒரு தடவை நடக்கும்."

"அந்த ஒரு தடவை யார் வீட்ல?"

குழுவின் மூன்றாவது ஆளான நௌஃபல் பழம்பொரித் தட்டை நடுவில் நீட்டினான். "ரெண்டு பேரும் ஆளுக்கொண்ணு தின்னுங்க. வாய் நிறைஞ்சாலாவது சத்தம் குறையுதா பார்ப்போம்."

சாஜன் தட்டைத் தள்ளிவிட்டான்.

"நீயே சொல்லுடா நௌஃபலே, இவ பண்றது நியாயமா?"

நௌஃபல் தலையைச் சொறிந்தான். "விடு மோளே. இப்போ போகட்டும், அடுத்த வாரம் திருத்திக்கலாம்."

"அடுத்த வாரம் வரைக்கும் பம்ப் ஓடாம இருக்குமா?"

"போதும்!" சாஜன் மேஜையில் அறைந்தான். "இப்போ நீ அழுத்தலைன்னா ஒப்புதல் குழுவுல உன் பேர் இருக்காது. நௌஃபல் அழுத்துவான். முதல்ல மனுஷத்தன்மை வேணும்டி, அப்புறம்தான் கோடு. வீட்ல ஒருத்தரைப் படுக்கையில வெச்சுப் பார்த்திருந்தா தெரியும் உனக்கு."

ஜிஷாவின் முகம் சுருங்கிப்போனது. முதல் வரியிலிருந்து இந்த வேலையில் கூடவே இருந்தவள். மனுஷத்தன்மை இல்லாதவள் என்று யாரும் சொன்னதில்லை.

அவள் கை மெல்ல மவுசுக்குப் போனது. பொத்தான் மேல் அம்புக்குறி நின்றது.

சாஜனின் போன் அடித்தது.

"ஷைலா சிஸ்டர்! மையத்திலேருந்து!" ஸ்பீக்கரைப் போட்டு ஜிஷாவின் முன்னால் வைத்தான். "கேளு. நோயாளிங்க படற பாட்டை நர்ஸ் வாயாலயே கேளு."

"சாஜன் சேட்டா," என்றது போன், சுற்றிலும் வண்டி இரைச்சல். "நாங்க கிளம்பறோம். நீங்க காலைல கூப்பிட்டுச் சொன்னபடியே பண்ணியாச்சு. உங்க அப்பச்சனுக்குப் புது மெஷின் வேண்டாம்னு பழைய கம்பெனி மெஷினையே ஒதுக்கி வெச்சுட்டோம்."

சாஜன் போனுக்குப் பாய்ந்தான். நௌஃபல் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"நல்லா ஓடற பழசு இன்னும் ஒண்ணே ஒண்ணு இருக்கு சேட்டா. இப்போ கடவந்த்ராவுல ஒரு அம்மச்சி வீட்டுக்குத்தான் போறோம். பாவம், பேசக்கூட முடியாது. அவங்களுக்கும் பழசையே குடுத்துடட்டுமா?"

மவுசின் மேல் இருந்த கையை ஜிஷா எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சாஜனைப் பார்த்தாள். நௌஃபலும் பார்த்தான்.

"ஹலோ? சேட்டா, கேக்குதா? வண்டி நிக்குது... ஒரு வார்த்தை சொல்லுங்க சேட்டா."