நேர்ந்துவிட்ட கிடாய்

உச்சி வெயிலில் முனியப்பன் கோயில் மணல் கொதிக்கிறது. மகன் பிழைத்ததற்காகச் சௌந்திரம் நேர்ந்துவிட்ட செம்மறிக் கிடாய், மஞ்சள் தண்ணீர் ஊற்றியும் அசையாமல் நிற்கிறது. உடம்பை உதறித் துளுக்கினால்தான் சாமி உத்தரவு. அதன் பிறகுதான் வெட்டு. வயது ஒன்றுகூட ஆகவில்லை, அதற்குள் முதுகு பலகையாய் அகன்றிருக்கிறது. சுற்றி நிற்கும் கூட்டம் அதன் முதுகையே பார்க்கிறது. தாயில்லாத ஆட்டுக்குட்டியொன்று கூட்டத்தின் கால்களுக்கிடையே நுழைந்து, கிடாயின் அடிவயிற்றை முட்டி, வாலை ஆட்டியபடி சப்புகிறது. குட்டியின் கடைவாயில் வெள்ளையாக வழிகிறது.

"ஏனுங்க, பாலுங்க," என்கிறாள் சௌந்திரம்.

அவள் புருஷன் அர்த்தநாரி கிடாயின் காதைத் தடவுகிறார். தோலுக்கடியில் புதைத்து வைத்த மாத்திரை நெல்மணியாய் உருள்கிறது.

"சீக்கிரம் கறி புடிக்கும்னு மருந்து விக்க வந்தவரு வெச்சாருங்க. இப்பிடிப் பாலு சொரக்கும்னு சொல்லலீங்க," என்கிறார்.

"பாலு சொரக்கறதுமேல அருவா போடக்கூடாதுங்க," என்கிறார் பூசாரி செங்கோடன்.

குட்டி மறுபடி முட்டுகிறது. கிடாய் கண்ணை மூடுகிறது. தலை முதல் வால் வரை சிலிர்த்து உதறுகிறது. மஞ்சள் தண்ணீர் எல்லோர் முகத்திலும் தெறிக்கிறது.

உத்தரவு வந்துவிட்டது. குலவை எழவில்லை. அரிவாளைப் பிடித்தபடி செங்கோடன், குட்டி குடித்து முடிக்கட்டும் என்று காத்து நிற்கிறார்.