பூட்டிக்கொண்ட வண்டி

கோயம்புத்தூரிலிருந்து நமீபியப் பாலைவனம் பார்க்கப் போன இடத்தில் வளர்மதிதான் வண்டி ஓட்டினாள். அடியில் சிக்கிய முள்மரக் கிளையை இழுத்துப்போட அவள் கணவர் சண்முகசுந்தரம் இறங்கினார். அவர் கிளையை எடுத்தெறிந்து நிமிரும்போது புதர் மறைவில் படுத்திருந்த பெண்சிங்கம் ஒன்று எழுந்து நின்றது. அவருக்கு முன்பே வாடகை வண்டியின் கேமரா அதைப் பார்த்துவிட்டது. கதவுகள் பூட்டிக்கொண்டன.

“அருகில் சிங்கம் உள்ளது. உள்ளே இருப்பவரின் பாதுகாப்புக்காகக் கதவு திறக்காது,” என்றது வண்டி, சுத்தமான தமிழில்.

“என்ற வீட்டுக்காரரு வெளிய நிக்கறாரு.” வளர்மதி கைப்பிடியை இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

“நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்.”

சிங்கம் அவசரமில்லாமல் நடந்து வந்தது. அவர் கண்ணாடியைத் தட்டவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். கதவுதான் பூட்டியிருந்தது, ஸ்டியரிங் அவள் கையில் இருந்தது. சிங்கத்துக்கும் அவருக்கும் நடுவே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

“ஏனுங்க, பின்னால ஏணி இருக்குது. மேல ஏறுங்க.”

கூரையில் மடித்துக் கட்டிய கூடாரத்தை அவர் இறுகப் பிடித்துக்கொண்டதும் வண்டியை விரட்டினாள். சிங்கம் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் கதவு திறந்தது. அவர் ஏணி வழியாக இறங்கி வந்தார். அவர் சட்டையைப் பிடித்தபடி அவள் மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதன்பின் அந்தப் பயணம் முழுவதும், யார் இறங்க வேண்டியிருந்தாலும் இருவரும் சேர்ந்தே இறங்கினார்கள்.