மூன்று மணிக் காபி

நோன்பு மாதத்தில், பட்டப்பகலில், பூட்டிய வீட்டுக்குள் காபி வாசனை வந்தால் யாரைச் சந்தேகப்படுவது?

முனவ்வராவுக்கு அதில் குழப்பமே இல்லை. பிஸ்கட்டவே என்ற அமெரிக்க ஊரில் அவர்கள் வீட்டில் இருப்பது இரண்டே பேர். அவள் டேகேர் வேலை முடிந்து மூன்று மணிக்குத்தான் வருகிறாள். இன்னொரு சாவி கணவர் அன்வர் பாட்சாவிடம்.

கெட்டில் சூடாக இருந்தது. இன்ஸ்டன்ட் காபி பாட்டிலின் மூடி சரியாகத் திருகப்படவில்லை.

சாயங்காலம் நோன்பு திறந்து, கஞ்சி குடித்து முடிக்கும்வரை பொறுத்தாள்.

"மத்தியானம் வீட்டுக்கு வந்தீங்களா?"

"இல்லையே. ஏன்?"

"நோன்பு பிடிக்க முடியலைன்னா சொல்லிடுங்க. திருட்டுத்தனமா காபி எதுக்கு?"

அன்வர் அவள் முகத்தைப் பார்க்காமல் பேரீச்சங்கொட்டையைத் தட்டில் உருட்டினார். "நான் நோன்பை விடலை முனவ்வரா. நம்பினா நம்பு."

அவள் நம்பவில்லை. மறுநாள் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அவருடைய ஆபீஸ் நம்பருக்கு அடித்தாள். முதல் ரிங்கிலேயே அன்வர் எடுத்தார்.

அவள் கண்ணெதிரே மேஜையில் பாதி குடித்த காபி. ஆவி பறந்துகொண்டிருந்தது.

பேசாமல் போனை வைத்துவிட்டாள்.

அந்த வீட்டுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. முன்பு இருந்த வெள்ளைக்காரக் கிழவி அங்கேயேதான் இறந்துபோனாள் என்று ஏஜென்ட் சொன்னபோது இருவருமே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது முனவ்வராவுக்கு அந்தக் கிழவியைத் தவிர வேறு நினைப்பில்லை.

"ஜின்னு இன்ஸ்டன்ட் காபியா குடிக்கும்?" என்று அன்வர் சிரித்துப் பார்த்தார்.

"சிரிக்காதீங்க. பெருநாளுக்குள்ள வேற வீடு பாருங்க. இல்லைன்னா நான் டல்லஸ்ல எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்."

அடுத்த தெரு சாந்தியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். எட்டு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாந்தி சிரித்தாள்.

"அந்தப் பவுடரைப் பேய்தான்க்கா குடிக்கும்! எங்க வீட்ல அவருக்கு டிகாஷன் காபிதான். இன்ஸ்டன்ட்னு சொன்னாலே மூஞ்சி எட்டுக் கோணலா போகும்."

ஆனால் அதற்கு இரண்டு நாள் கழித்து, சரியாக மூன்று மணிக்கு சாந்தியிடமிருந்து போன்.

"அக்கா, இன்னிக்கு வாசனை வந்துச்சா?"

"வந்துச்சு."

"சரிக்கா."

அவ்வளவுதான். வைத்துவிட்டாள். பிறகு தினமும் இதே கேள்வி, இதே 'சரிக்கா'. நமக்கு உயிர் போகிறது, இவளுக்குப் பேய்க்கதை கேட்கிற சுகமா என்று முனவ்வராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை. நவம்பர் மழை. டேகேரில் பிள்ளைகள் குறைவு என்று சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். கதவைத் திறந்தாள்.

வாசனை. சமையல் மேடையில் ஒரு ஸ்பூன் இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. யாரும் இல்லை.

பேஸ்மென்ட் படிகளில் யாரோ இறங்கும் சத்தம். ஒவ்வொரு படியாக, மெதுவாக. கதவிடுக்கில் தெரிந்த வெளிச்சம் அணைந்தது.

ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தாள். வாசல் பக்கம் கால் வரவில்லை. தெரிந்த துஆவையெல்லாம் ஓதிக்கொண்டே பேஸ்மென்ட் கதவைத் திறந்து சுவிட்சைத் தட்டினாள்.

வாஷிங் மெஷின் பக்கத்தில், டை கட்டி, ஷூ போட்டு, தோளில் ஆபீஸ் பையோடு, காபிக் கோப்பையைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார் சாந்தியின் கணவர் கிட்டுசாமி.

"மன்னிச்சுடுங்கம்மா." "வேலை போய் அஞ்சு வாரமாச்சு. தினமும் ஆபீஸ் போறேன்னு கிளம்பிடறேன். இந்தக் குளிர்ல எவ்வளவு நேரம் கார்லயே உக்காந்திருக்கறது? அன்வர் பாய்தான் சாவி கொடுத்தார். அஞ்சு மணிக்குப் பின்பக்கக் கதவு வழியா போயிடுவேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணே!"

"உங்களுக்குத் தெரிஞ்சா சாந்திக்கும் தெரிஞ்சிடும்னு பாய் பயந்தார். அவளுக்கு பிரஷர் அதிகம், அதிர்ச்சியே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். பிரசவம் ஆகட்டும்மா. அதுவரைக்கும் அவகிட்ட சொல்லிடாதீங்க."

முனவ்வராவுக்கு அழுகை வந்தது. இத்தனை நாளாக அன்வரிடம் அவள் பேசிய பேச்சு ஒவ்வொன்றும் நெஞ்சில் குத்தியது. கிட்டுசாமியை மேலே அழைத்து வந்து உட்கார வைத்தாள். மணி மூன்று. போன் அடித்தது.

"அக்கா, இன்னிக்கு வாசனை வந்துச்சா?"

எதிரே கிட்டுசாமி இரு கைகளையும் கூப்பினார். நோன்பு வைத்த வாயால் முனவ்வரா இதுவரை ஒரு பொய் சொன்னதில்லை. இன்று சொன்னாள்.

"இல்லடி சாந்தி. இன்னிக்கு வாசனையே வரலை. எல்லாம் சரியாயிடுச்சு."

மறுமுனையில் மூச்சு வேகமாகக் கேட்டது.

"வரலையா? ஐயோ அக்கா, உடனே உங்க பேஸ்மென்ட்ல போய்ப் பாருங்க! அவர் அங்கதான் இருப்பார். பேன்ட் துவைக்கறப்ப பாக்கெட்ல வேலை போன லெட்டரும் இருந்துச்சு, உங்க வீட்டு நம்பர் எழுதின சாவியும் இருந்துச்சு. தினமும் அந்த வாசனை வந்துச்சுன்னு நீங்க சொல்ற வரைக்கும் எனக்கு உயிரே இருக்காதுக்கா. அவர் நல்லா இருக்காரான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க..."

சாந்தி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஆனா எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்கக்கா. அவர் தாங்க மாட்டார்."