இன்னும் ஒரு கர்டர்

"டிராக்டர் போறதுக்கு இது தாராளமாப் போதும் அத்தான். இன்னும் ஒரு கர்டர் எதுக்கு? யானையா வரப் போகுது?"

ஓடைக்குக் குறுக்கே கிடந்த இரும்புக் கர்டரின் மேல், குதிரையில் உட்கார்வதுபோல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான் வெல்டர் தம்பி. கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தான். டீத்தூக்குடன் கரையில் நின்ற அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் வந்தால்தான் இந்த வீட்டில் ஒருத்தராவது சிரிக்கிறார்கள்.

அவள் கணவர் சிரிக்கவில்லை. "போடு" என்றார்.

ரோட்டுக்கும் அவர்கள் வீடு இருக்கிற தோட்டத்துக்கும் நடுவே ஓடுகிறது அந்த ஓடை. பழைய மரப்பாலத்தைப் போன மழை அடித்துக்கொண்டு போனதிலிருந்து, நாலு பலகையைப் போட்டு ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள். பைக் போகிற அளவுக்கு ஒரு இரும்புப் பாலம் இருந்தால் போதும் என்றுதான் கணவரும் ஆரம்பித்தார். இரண்டு கர்டர் போட்டாயிற்று. கரைக்குக் கல் கட்டத் தொடங்கியதும் மனிதருக்குப் புத்தி மாறிவிட்டது. மூன்றாவது கர்டர் வேண்டும் என்றார். குறுக்கே ஆங்கிள் இரும்பு அடித்து இறுக்கச் சொன்னார். இப்போது நாலாவது.

"உன் வீட்டுக்காரருக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்குக்கா" என்று டீயை வாங்கும்போது தம்பி முணுமுணுத்தான்.

காரணம் அவளுக்குத் தெரியும். இருக்கிற சேமிப்பையெல்லாம் இரும்பில் கொட்டுகிறீர்களே என்று போன வாரம் சண்டை போட்டபோது, அவர் எங்கேயோ பார்த்தபடி சொன்னார்:

"பாலம் முடியட்டும். பையன் வந்துடுவான்."

அவளுக்கு உயிர் வந்தது. அவள் பெற்ற பையன் போய் இரண்டு வருஷம். மாமனும் மருமகனும் சேர்ந்துதான் பட்டறை நடத்தினார்கள். ஒருநாள் தம்பி தனியாக வந்து நின்றான். பட்டறையைப் பிரிப்பது பற்றி இருவருக்கும் வாய்த்தகராறு ஆகிவிட்டதாம். பையன் கோபித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டானாம். கோபம் தணிந்தால் தானாக வருவான் என்றான். வரவில்லை. ஒரு போன்கூட இல்லை.

அந்த நாட்களில் தம்பி மட்டும் இல்லாவிட்டால் அவள் என்ன ஆகியிருப்பாளோ. ஊர் ஊராகப் போய்த் தேடினான். அவள் சாப்பிடாமல் கிடந்தபோது சோற்றைப் பிசைந்து ஊட்டிவிட்டான். வீட்டுக்குப் பின்னால் ஆழமாக ஒரு பாழுங்கிணறு இருந்தது. துக்கத்தில் அக்கா அதில் விழுந்துவிடப் போகிறாளே என்று பயந்து, இடிந்த மாட்டுக்கொட்டகைக் கல்லையும் மண்ணையும் ஒண்டி ஆளாக அள்ளிக் கொட்டி, அந்த வாரமே அதை மூடிவிட்டான். கூடப் பிறந்தவன் என்றால் இவனல்லவா என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள்.

இந்தப் பாலத்துக்கும் அப்படித்தான். கரைக்கு வேண்டிய கல் அந்தக் கிணற்றிலேயே கிடக்கிறதே, மேலாகத் தோண்டி எடுத்துக்கொள்ளலாமே என்று கணவர் சொன்னார். தம்பி ஒத்துக்கொள்ளவே இல்லை. மூடின கிணற்றைக் கிளறினால் ஆளை உள்ளே இழுத்துவிடும் என்று சொல்லி, சொந்தக் காசில் குவாரிக் கல்லை வரவழைத்து ரோட்டோரம் இறக்கினான். வளைந்த ஆணியைக்கூட நிமிர்த்தி வைத்துக்கொள்கிற கஞ்சன் அவன். அன்று முழுக்க அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. அன்று சாயங்காலம்தான் கணவர் மூன்றாவது கர்டர் கேட்டார்.

நாலாவது கர்டரும் ஏறியது. தடித்த இரும்புத் தகடுகளை மேலே பரப்பி, ஓரம் முழுக்க வெல்டு வைத்து முடித்தான் தம்பி. பாலத்தின் நடுவில் போய் நின்று இரண்டு காலாலும் எம்பிக் குதித்தான். ஒரு சத்தம் இல்லை.

"எதை வேணா ஏத்துங்க அத்தான். நான் போட்ட வெல்டு, ஆடாது."

கணவர் குனிந்து ஒவ்வொரு வெல்டையும் விரலால் தடவிப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். இத்தனை நாளில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு அது. பிறகு போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் யாரிடமோ இரண்டு வார்த்தை பேசினார்.

அவள் வீட்டுக்குள் ஓடி, மடித்து வைத்திருந்த பையனின் போர்வையை எடுத்து வெயிலில் உதறிப் போட்டாள். லாரியில் வருகிறானோ? சொந்தமாக வண்டி வாங்கிவிட்டானோ? அதற்குத்தான் இவ்வளவு பலமான பாலமோ? தம்பியிடம் சொன்னாள்:

"பையன் வர்றான்டா. உங்க அத்தான் போன்ல பேசிட்டாரு."

தம்பி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தான். வெறும் கண்ணாடியை எவ்வளவு நேரம்தான் துடைப்பான்.

ரோட்டுத் திருப்பத்தில் எஞ்சின் சத்தம் கேட்டது. அவள் வாசலுக்கு ஓடினாள். மஞ்சள் நிறத்தில் ஒரு பொக்லைன், தோண்டுகிற கையை மடக்கிக்கொண்டு ஊர்ந்து வந்தது. அதன் பின்னால் போலீஸ் ஜீப். பாலத்துக்கு முன்னால் பொக்லைனை நிறுத்திவிட்டு டிரைவர் எட்டிப் பார்த்தான்.

"பாலம் தாங்குமாங்க?"

"தாங்கும். அதோ நிக்கிறானே, அவன் போட்டது" என்றார் கணவர். பிறகு வீட்டுக்குப் பின்னால் கை காட்டினார். "மூடின கிணறு ஒண்ணு இருக்கு. மெதுவாத் தோண்டுங்க. என் பையன் உள்ள இருக்கான்."