தொப்பியில் விழாத சீட்டு

"மூணு நாளா பாக்கறேன். காலையில மூடி போட்ட சட்டியோட மாடிக்குப் போறான். யார் அறைக்கு? ஏசா வீலாக் அறைக்கு. எதிர்ப்பக்கத்து ஆளுகிட்ட இவனுக்கு என்ன வேலை?"

சத்திரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சட்டமன்ற உறுப்பினர்களிடம் ஜோதம் ப்ரென்டிஸ் குரலைத் தாழ்த்திக் கேட்டார். பேச்சு அவர்கள் பக்கத்து ஈனோஸ் டட்டிலைப் பற்றி.

வெர்மான்ட் ஆளுநர் தேர்தலில் யாருக்கும் பாதிக்கு மேல் ஓட்டு கிடைக்கவில்லை. இனி சட்டமன்றம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இவர்களுடைய ஹாலிஸுக்கு முப்பத்தொரு பேர். எதிரி க்ரேனுக்கும் முப்பத்தொரு பேர். ஆனால் க்ரேன் பக்கத்து ஏசா காய்ச்சலில் படுத்துவிட்டார். ஒரே ஓட்டில் ஹாலிஸுக்கு வெற்றி உறுதி.

"சட்டியில என்னய்யா இருக்கும்?" என்றார் அவர்களில் ஒருவரான சைலஸ்.

"போறப்ப கஞ்சி. வர்றப்ப என்ன இருக்கோ, யாரு கண்டா?"

டட்டில் இறங்கி வந்தார். ஜோதம் அவர் பக்கம் திரும்பினார்.

"என்ன டட்டில், புது சிநேகிதமோ?"

"காய்ச்சல்காரன். ஒரு வாய் கஞ்சி குடுக்க ஆளில்ல."

"ஹாலிஸ் வந்தாத்தான் உங்க ஊர் ஆத்துக்குப் பாலம். ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்கு," என்றார் டட்டில்.

மறுநாள் மன்றத்தில் ஓட்டுச் சீட்டு வாங்கும் தொப்பி வரிசை வரிசையாக வந்தது. மடித்த சீட்டுகள் விழுந்தன. எண்ணி முடித்து சபாநாயகர் படித்தார்.

"க்ரேன், முப்பத்தொன்று. ஹாலிஸ், இருபத்தொன்பது."

வாசற்படியிலேயே டட்டிலின் கோட்டுக் கழுத்தைப் பிடித்துவிட்டார் ஜோதம்.

"கஞ்சி ஊத்தினது இதுக்குத்தானா? எவ்வளவுக்கு வித்தே?"

டட்டில் பைக்குள்ளிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். அதில் ஹாலிஸ் பெயர்.

"நான் ஓட்டே போடல. தொப்பி வந்தப்ப சும்மா தள்ளிவிட்டேன். எப்படியும் வந்து ஓட்டுப் போடுவேன்னு ஏசா எந்திரிச்சு நின்னான். படி இறங்கினா உசிரு தங்காதுன்னுட்டார் வைத்தியர். 'நீ படுத்துக்கோ, நானும் போடல, ரெண்டு பக்கமும் ஒண்ணு குறையட்டும்'னு வாக்குக் குடுத்தேன். பாலத்தை நெனச்சா எனக்கும் வருத்தம்தான்."

சைலஸ் விரல்விட்டு எண்ணினார்.

"நீ போடலேன்னா நம்ம பக்கம் முப்பது. ஏசா இல்லாம அவங்களும் முப்பது. சமமாத்தானே வந்திருக்கணும்? அப்போ நம்மள்ல வேற ஒருத்தன் க்ரேனுக்கு..."

ஜோதமின் பிடி தளர்ந்தது. கசங்கிய கோட்டைத் தன் கையாலேயே நீவிவிட்டார்.

"விடு சைலஸ், ஆனது ஆச்சு," என்றார் மெதுவாக. "கூட இருக்கறவங்களைச் சந்தேகப்படறது நல்லாவா இருக்கு?"